ஒரு பட்டை கூடுதல்

மே 19, திங்கள்

டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் மளிகைச் சீட்டுகளுக்கு அடியில் கிடந்தது. இன்றிலிருந்து எழுதப் போகிறேன். எழுதும் ஆசை முத்திப்போய் இல்லை. காரணம் இருக்கிறது.

என் பிக்கப் வண்டி காலையில் சேந்தமங்கலத்திலிருந்து முட்டையும் மளிகையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகும். மத்தியானத்துக்கு மேல் அன்னாசி, வாழை, பலா ஏற்றிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஐந்து மணிக்கு வீடு வரும். ஓட்டுவது என் தம்பி செங்கோடன். இன்று போன முட்டையில் பதினேழு அட்டை விரிசல். மலைமேல் சோளக்காட்டுக் கடைக்காரர் போன் போட்டு, "ஏனுங்க, முட்டை கேட்டா ஆம்லெட்டு அனுப்பறீங்க?" என்கிறார். நான் சிரித்து மழுப்பினேன்.

சாயங்காலம் அவனைக் கேட்டேன்.

"முன்னாடி உதறுதுங்க்கா. மிதிச்சா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது" என்றான்.

"பதமா மிதிச்சா ஏன்டா உதறுது?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஏப்ரலில் அவன் மனைவிக்குப் பிரசவம் என்று பதினைந்து நாள் போய்விட்டான். பெண் குழந்தை, தேவலை. அந்த நாட்களில் வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்காமல் நாமக்கல்லுக்கு அனுப்பி, பின்சக்கரத்துக்கு மேலே லோடைத் தாங்குகிற ஸ்பிரிங் வில்லில் ஒரு இரும்புப் பட்டை கூடப் போட்டு வாங்கினேன். முன்பெல்லாம் லோடு ஏற்றினால் பின்பக்கம் நிறைமாசக்காரி மாதிரி தொங்கும். இப்போது எவ்வளவு ஏற்றினாலும் நிமிர்ந்து நிற்கிறது. எங்கள் பக்கத்தில் பட்டை கூடப் போடாத பிக்கப் எது? செங்கோடனிடம் சொல்லவில்லை. வண்டி என்னுடையது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன எழுதற?" என்றார். பள்ளிக்கூடத்து எழுத்தர், தாளைக் கண்டால் மூக்கு வேர்த்துவிடும். "செங்கோடன் எத்தனை மணிக்குப் போறான், எத்தனை மணிக்கு வர்றான்னு குறிக்கப் போறேன்" என்றேன்.

"அது டைரியா, எஃப்.ஐ.ஆரா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

மே 20, செவ்வாய்

காலை 6.15 போனான். மாலை 5.05 வந்தான். முட்டை ஒன்பது அட்டை விரிசல்.

மே 24, சனி

வண்டியைக் கமால் பாய் பட்டறையில் விட்டேன். முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேடு இரண்டும் தேய்ந்து இரும்பு தெரிகிறது. போன வருஷம் போட்டது முப்பதாயிரம் கிலோமீட்டர் வந்தது. இது ஆறாயிரத்துக்கே போய்விட்டது. பேடு பிடிக்கிற டிஸ்க் தட்டு ஒரே கனமாக இல்லையாம், ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெலிவு. பிரேக் பிடிக்கும்போது அதுதான் உதறுகிறதாம். லேத்தில் கொடுத்துச் சீவிச் சமப்படுத்தினார். புதுப் பேடு போட்டார்.

"மலை எறங்கறப்ப தம்பி பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றாப்லயா தங்கச்சி? சூடு ஓவரா ஏறியிருக்கு. தட்டு நீலம் பாரிச்சுப் போச்சு."

"அவன் எப்படி ஓட்டறான்னு யாருக்குத் தெரியும் பாய்?"

"வண்டியில வேற ஏதாச்சும் வேலை பாத்தீங்களா சமீபத்துல?"

"ஆயில் மாத்தினேன்."

பட்டை போட்டது பின்பக்கம், தகராறு முன்பக்கம். அதை எதற்கு இழுக்க வேண்டும்? போன வருஷம் பட்டை போட்டுத் தரச் சொல்லி முதலில் இவரிடம்தான் கேட்டேன். "மலை வண்டிக்கு வேணாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். இப்போது நாமக்கல் போய்ப் போட்டுக்கொண்டேன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் அழுத்திக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 26, திங்கள்

உதறல் இல்லை. முட்டை ஒன்றுகூட விரிசல் இல்லை. மாலை 5.00.

மே 30, வெள்ளி

மாலை 5.10. அன்னாசி நல்ல வரத்து. வண்டி நிறைய ஏற்றி, தார்ப்பாய்க்கு மேலேயும் பலா வைத்துக் கட்டச் சொன்னேன். ஒரு அங்குலம்கூடத் தாழவில்லை. பட்டை போட்ட மகராசன் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 4, புதன்

மறுபடியும் உதறுகிறதாம். பதினோரு நாள்தான் ஆகியிருக்கிறது.

செங்கோடன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சாம்பார்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான். "முன்னாடி சூடு ஏறுதுங்க்கா. நாத்தம் வருது."

அவன் வாயில் 'பிரேக்' என்ற சொல் வரவே வராது. 'முன்னாடி' என்பான், 'மிதிச்சா' என்பான். அதற்கும் ஒரு கதை உண்டு. எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது படித்தால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

பதினொரு வருஷம் முன்னால் அவன் லாரி ஓட்டினான், வேறொருவர் லாரி. ஒரு சுங்கச்சாவடியில் நின்றிருந்த காருக்குப் பின்னால் போய் மோதினான். காரில் இருந்த ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று ஸ்டேஷனில் அழுதான். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எட்டு மாசம் உள்ளே இருந்தான். ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தவள் நான்தான், வெளியே வந்ததும் பெண் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைத்தவளும் நான்தான். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "கண் அசந்துட்டான், பாவம்" என்று சொன்னேன். பிரேக் மேல் பழி போட்டான் என்பதைவிட அது கௌரவமாக இருந்தது. செங்கோடன் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால்தானே நான் யோசிக்க முடியும்?

ஜூன் 6, வெள்ளி

மாலை 6.40. கேட்டதற்கு, "மெதுவா வந்தேங்க்கா" என்றான்.

ஜூன் 7, சனி

6.55.

ஜூன் 9, திங்கள்

7.10! மலை இறங்க முன்பு ஒன்றரை மணி நேரம். இப்போது மூன்று மணி நேரத்துக்கு மேலே. என்ன, எழுபது வளைவுக்கும் கற்பூரம் காட்டிவிட்டு வருகிறானா?

அவன் உள்ளே வரும்போது குடிக்கத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கிட்டப் போய் மோந்து பார்த்தேன். வியர்வை வாசனையும் அன்னாசி வாசனையும்தான். அதற்காகக் குடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? பாக்கு போட்டால் போயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

மலைமேல் வாழவந்தியிலிருந்து பழக்காரம்மா போன். "ஏனுங்க்கா, உங்க தம்பி பாதிச் சரக்க உட்டுட்டுப் போயிட்டாருங்க. பழம் அழுகுதுங்க. வேற வண்டிக்குப் போடட்டுங்களா?" என்கிறாள். என்னிடம் அவன் சொன்னது, "இன்னைக்கு வரத்து கம்மிங்க்கா." அதாவது பொய். என் தம்பி என்னிடமே பொய் சொல்கிறான்.

போதாததற்குப் பேருந்து நடத்துனர் ஒருவர் வழியில் நிறுத்திச் சொல்கிறார். "உங்க வண்டி தினம் நாப்பத்தேழாவது வளைவுல நிக்குதுங்க. உங்க தம்பி கைப்பிடிச் சுவர் மேல உக்காந்து காத்து வாங்கறாரு."

மணி ஓசை முன்னாலேயே வந்துவிட்டது. யானை எப்போது வரும் என்று பார்க்க வேண்டியதுதான்.

ஜூன் 13, வெள்ளி

இன்று பேசித் தீர்த்துவிட்டேன். இப்படித் தீர வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை. ஆனால் தீர்ந்துவிட்டது.

வந்ததும் வராததுமாக டைரியைத் திறந்து வைத்து வாசித்தேன். ஆறாம் தேதி ஆறு நாற்பது, ஏழாம் தேதி ஆறு ஐம்பத்தைந்து என்று ஒவ்வொன்றாக. நின்றபடியே கேட்டான்.

"லோடு கொறைக்கோணும்ங்க்கா" என்றான். "பின்னாடி..."

"பின்னாடி என்னடா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்களே ஒருக்கா வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க்கா."

"குனிஞ்சு பாக்க நான் மெக்கானிக்கா? சாக்கு சொல்லாத. அன்னைக்கும் இதத்தானடா சொன்ன!"

வீட்டுக்காரர், "வசந்தா!" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை அதட்டியது இரண்டாவது தடவை.

செங்கோடன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கண்ணாடி ஸ்டாண்டில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தான். "வர்றேங்க்கா, வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். குழந்தைக்கு நான் தைத்து வைத்திருந்த இரண்டு சட்டையும் தின்பண்டப் பையோடு நாற்காலியிலேயே கிடக்கிறது.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நான் சொன்னதில் பொய் இல்லை.

ஜூன் 14, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. புளி அதிகம்.

ஜூன் 16, திங்கள்

புது டிரைவர் வரதராஜ். புதன்சந்தைக்காரர். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுறுசுறுப்பு. முழு லோடு ஏற்றிக்கொண்டு 4.50க்கு வந்து நிற்கிறார். மலை இறங்க ஒன்றேகால் மணி நேரம்! வீட்டுக்காரரிடம் டைரியைக் காட்டினேன். பார்க்காமல் பேப்பரைப் புரட்டினார்.

ஜூன் 17, செவ்வாய்

4.45.

ஜூன் 20, வெள்ளி

4.50. முட்டை பதிமூன்று அட்டை விரிசல். வரதராஜைக் கேட்டேன். "உதறத்தான் செய்யுதுங்க்கா. அதெல்லாம் பழகிரும். பாட்டு சத்தம் வெச்சா தெரியாதுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் பிரேக் என்று தாராளமாகச் சொல்கிறார். "பிரேக்கு கொஞ்சம் கீழ போயித்தான் புடிக்குதுங்க்கா, பாய்கிட்ட காட்டிரலாங்களா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காட்டலாம் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

பலா லோடு ஒன்று அவசரம் என்று வந்தது. பாய் பட்டறைக்கு அடுத்த ஞாயிறு போய்க்கொள்ளலாம்.

ஜூன் 26, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

மூன்றரை மணிக்குப் போன். கீழிருந்து இருபத்துமூன்றாவது வளைவில் வண்டி கவிழ்ந்துவிட்டது. வரதராஜ் பிரேக்கை மிதித்திருக்கிறார், பெடல் தரையில் போய் உட்கார்ந்துகொண்டது. கியரை இறக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் சாத்தியிருக்கிறார். அந்தப் புத்தி இருந்ததால் உயிர் இருக்கிறது. வலது கால் தொடையில் இரண்டு இடத்தில் முறிவு.

நான் ஆட்டோ பிடித்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசலில் செங்கோடன் நின்றான். சட்டை முழுக்க ரத்தம். எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை, இவன்தான் ஓட்டினானோ என்று நினைத்துவிட்டேன். இப்போது மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு செங்கல் சூளை டிராக்டர் ஓட்டுகிறானாம். செய்தி கேட்டு மலை ஏறிப் போய், வரதராஜைக் கதவை நெம்பி வெளியே எடுத்தவன் அவன்தான்.

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்க்கா. வெசனப்படாதீங்க" என்றான். நான் அவன் சட்டையைத் தொட்டேன். அது வரதராஜின் ரத்தம் என்றான்.

வரதராஜின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். முதலாளியம்மா வந்தால் எழ வேண்டும் என்ற பழக்கம். உட்காரம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 28, சனி

வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. எஸ்.ஐ. சொல்லி, கமால் பாய் வந்து பார்த்தார். நானும் போனேன்.

முதலில் முன்சக்கரம். டிஸ்க் கருநீலம், பேடு கரிக்கட்டை. பிறகு பின்சக்கரத்தின் டிரம்மைத் திறந்தார். உள்ளே பிரேக் கட்டை புத்தம் புதுசாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்து, "இது வேலையே செய்யல தங்கச்சி" என்றார். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

வந்து, என்னைக் குனியச் சொன்னார். குனிந்தேன். பின் அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியைக் காட்டினார்.

"லோடு ஏறினா வண்டி பின்னாடி தாழும். தாழ்ந்தா இந்தக் கம்பி அசையும். அசைஞ்சாத்தான் பின் பிரேக்குக்குப் போதுமான பிரேக் எண்ணெய் போகும். வண்டி தாழலைன்னா காலி வண்டின்னு நெனச்சு எண்ணெய கொறச்சுரும். உங்க வண்டி எவ்வளவு ஏத்தினாலும் தாழவே இல்ல. பட்டை எண்ணிப் பாருங்க, ஒண்ணு கூட இருக்கு. அத்தனை லோடையும் முன்னாடி ரெண்டு சக்கரமே நிறுத்தியிருக்கு. அதான் உதறல், அதான் தேய்மானம். கடைசியில சூட்டுல எண்ணெய் கொதிச்சுப் போச்சு, பெடல் சும்மா கீழ போயிருச்சு."

நான் எண்ணினேன். ஏழு. ஆறு இருக்க வேண்டும்.

"தரையில ஓட்டறவன் தப்பிச்சுருவான். மலை எறங்கற வண்டிக்குப் பட்டை போட்டா இந்தக் கம்பியையும் சேத்துச் சரி பண்ணணும். பட்டைக் கடைக்காரனுக்கு அது தெரியாது. நானும் டிஸ்க்கைச் சீவி மெலிய வெச்சுட்டேன், மெலிஞ்ச தட்டு சீக்கிரம் சூடாகும். என் மேலயும் தப்பு இருக்கு." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "யாரு தங்கச்சி பட்டை போட்டது?"

"தெரியல பாய்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

பாய் துணியை மடித்துத் தோளில் போட்டார். பிறகு சொன்னார். "ஜூன் அஞ்சாந் தேதி, பக்ரீதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, செங்கோடன் பட்டறைக்கு வந்தான். மலை வண்டிக்கு ஒரு பட்டை கூடப் போட்டா என்ன ஆகும் பாய்னு கேட்டான். எல்லாத்தையும் சொன்னேன். கழட்டற வரைக்கும் பாதி லோடு ஏத்து, ரெண்டாங் கியருல எறக்கு, நடுவுல அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடுன்னேன். யார் வண்டிடான்னேன், தெரிஞ்சவங்க வண்டின்னான். ஓனர்கிட்ட சொல்லுடான்னேன். நான் சொன்னா சாக்குன்னு நெனப்பாங்க பாய், அவங்களாப் பாத்தாத்தான் உண்டுன்னான். எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும். ஆனா நீங்கதான் ஆயில் மாத்தினேன்னு மட்டும் சொன்னீங்களே."

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். ஜூன் 4 வரை ஐந்து மணி. ஜூன் 6-லிருந்து தாமதம். பாதிச் சரக்கு. நாற்பத்தேழாவது வளைவு. கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து காற்று வாங்கினான் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

வரதராஜின் மச்சான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறான். வேலையை விட்டு நிறுத்திய கோபத்தில் பழைய டிரைவர் வண்டியில் ஏதோ செய்துவிட்டானாம். பழைய கேசும் இருக்கிறதே. செங்கோடனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். என்னைத் திட்டவில்லை. "அண்ணி, உங்க பேச்சுக்கு மரியாதை உண்டு, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பதினொரு வருஷம் முன்னால் உட்கார்ந்திருந்த மாதிரியே, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு.

எஸ்.ஐ., "அந்தப் பட்டை எப்பம்மா போட்டது, யார் போட்டது?" என்றார். "இவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. தெரியாதுங்கறாரு."

அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

"வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

அவரைக் கேட்டுத்தான் நான் என்றைக்கு என்ன செய்திருக்கிறேன்?

ஜூலை 1, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேஸ் என் மேல் வரும். மகள் கோயமுத்தூரில் படிக்கிறாள், அவள் காதுக்குப் போகும். சோளக்காட்டுச் சந்தையில் எவன் எனக்குச் சரக்குக் கொடுப்பான்? இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டாவது தடவையும் அவனே போகட்டுங்கறியா?"

நான் அழுதேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாராம். நான் லீவு போட்டிருக்கேன், கூட வர்றேன்" என்றார்.

ஜூலை 3, வியாழன்

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். டைரி ஸ்டேஷனில் இருக்கிறது.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். வண்டிக்கு அடியில் அவரே படுத்தார், பட்டை எண்ணினார். எழுந்து, "மாற்றம் செய்தது யார்?" என்று கேட்டபோது செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் டைரியைத் திறந்து மே 19-ஆம் தேதிப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் படித்தார். எஸ்.ஐ. வாங்கிப் படித்தார். அந்தப் பக்கத்தோடு நிறுத்தவில்லை, எல்லாவற்றையும் படித்தார். நிறைமாசக்காரி, கற்பூரம், மோந்து பார்த்தது, எல்லாம். ஒரு ஸ்டேஷனே நின்று என் புத்தியைப் படித்தது.

"இவரு மாட்டிக்கணும்னு எழுதினீங்களாம்மா இதை?" என்றார் எஸ்.ஐ.

"ஆமாங்க" என்றேன். "பட்டை போட்டது நானுங்க. தம்பிக்குச் சொல்லல. மெக்கானிக்குக்கும் மறச்சேன். டிரைவரு காட்டலாமான்னு கேட்டப்பவும் அடுத்த வாரம்னேன். என் மேல எழுதிக்கங்க."

செங்கோடனை அனுப்பினார்கள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

ஜூலை 9, புதன்

வரதராஜைப் பார்க்கப் போனேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை அவர் மனைவி எழுந்து நிற்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். "நான் கேட்டனேங்க்கா, காட்டிரலாங்களான்னு" என்று மட்டும் சொன்னார் வரதராஜ். பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னார். கால் கூடும் வரை அவர் வீட்டுக்கு ஆக வேண்டியது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பதில் ஆகாது.

ஆகஸ்ட் 6, புதன்

டைரி திரும்பி வந்துவிட்டது. சில பக்கங்களில் முத்திரை குத்தியிருக்கிறது. கேஸ் நடக்கிறது. வண்டியையும் விட்டுவிட்டார்கள். கமால் பாய் கூடுதல் பட்டையைக் கழற்றி, கம்பியைச் சரி பண்ணி, முன்னால் புது டிஸ்க் போட்டுவிட்டார். "பாதி லோடோட ஒருக்கா மலை எறக்கிப் பாக்கணும். செங்கோடனை விட்டா அதுக்கு வேற ஆள் இல்ல" என்றார்.

செங்கோடன் வீட்டுக்குப் போனேன். குழந்தைச் சட்டை இரண்டையும் கொண்டு போனேன், அதற்குள் அளவு பத்தாமல் போய்விட்டது. அவன் மனைவி காபி கொடுத்தாள். வேலைக்கு வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வண்டியைச் சோதிக்க மட்டும் வருவாயா என்றேன். "சூளையில நாளைக்கு லீவுங்க்கா, வர்றேன்" என்றான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நானும் கூடப் போனேன். இந்த வண்டி வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. லோடோடு மலை இறங்கும்போது உள்ளே உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

பாதி லோடு அன்னாசி. இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகத் தரையை அழுத்தியது. செங்கோடன் இரண்டாவது கியரில், தொட்டும் தொடாமலும் மிதித்துக்கொண்டு இறக்கினான். ஸ்டியரிங் உதறவில்லை. முன்கண்ணாடி ஓரம் வைத்திருந்த அவன் தண்ணீர் பாட்டில்கூட அசையவில்லை. இருந்தும் நாற்பத்தேழாவது வளைவில் ஓரம் கட்டினான்.

"சூடாயிருச்சாடா?" என்றேன்.

"இல்லீங்க்கா. பழக்கத்துல நிறுத்திட்டேன்."

இறங்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். நானும் போய் உட்கார்ந்தேன். சுவரின் அந்த இடம் மட்டும் பாசி இல்லாமல் வழவழவென்று இருந்தது. கீழே வளைவு வளைவாகச் சாலை தெரிந்தது. இருபத்துமூன்றாவது எது என்று நான் தேடவில்லை. இரண்டு நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"செங்கோடா. அன்னைக்குச் சுங்கச்சாவடியில... நெசமாவே பிரேக்கு புடிக்கலையாடா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பேருந்து ஏறி வந்து, ஒலி எழுப்பி, எங்களைத் தாண்டிப் போனது.

"பதினோரு வருசமாச்சுங்க்கா" என்றான். "இப்பத்தான் கேக்கறீங்க."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். மீதி வளைவுகளில் நான் மணி பார்க்கவில்லை. காரவள்ளியில் செக்போஸ்ட் பக்கம் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, எதிரே இருக்கிற சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பிரேக்க ரெண்டு காலாலயும் மிதிச்சேங்க்கா."